முயல் முதுகில் மூன்று கீற்று

என் கைத்திருநீறு ஓர் ஆய்வுப் பதிவேட்டில் ‘நெறிமுறை விலகல்’ என்ற தலைப்பின்கீழ் ஏறியிருக்கிறது. நாள், நேரம், முயலின் காது எண், பூசப்பட்ட பொருள், பூசியவர் என எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டு, அடியில் நானே கையொப்பமும் இட்டிருக்கிறேன். பணிக்காலம் முழுவதும் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதிய எழுத்தன் நான். ஊரார் செய்ததையெல்லாம் கட்டத்துக்குள் அடக்கி எழுதியவன், தான் செய்த ஒன்றை இன்னொருவர் அவ்வாறு எழுதக் கண்டது அன்றுதான்.

நடந்ததை முறையாகச் சொல்ல வேண்டுமானால், கோட்டுச்சேரிக்குப் போகும் சாலையை ஒட்டி இருக்கும் ஒரு மருந்தியல் கல்லூரியிலிருந்து தொடங்க வேண்டும். விலங்குகளை வைத்துச் சோதனை செய்யும் எந்த இடத்திலும் அதற்கென ஒரு நெறிக்குழு இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுவில் அறிவியல் படித்தவர்கள் இருப்பார்கள், கால்நடை மருத்துவர் இருப்பார். அவர்களோடு, அறிவியலைச் சாராத பொதுமனிதர் ஒருவரும் இருக்க வேண்டும். அந்த இடம் காலியானபோது கல்லூரியின் மருந்தியல் பேராசிரியை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கடற்கரைத் தெருவின் பழைய முஸ்லிம் குடும்பத்துப் பெண். கப்பலும் சரக்குமாக வாழ்ந்த குடும்பத்திலிருந்து முதன்முதலாகச் சோதனைச்சாலைக்குள் நுழைந்தவர். அவருடைய பிறப்பைப் பதிவேட்டில் எழுதியவன் நான்.

“ஐயா, ஒரு உதவி. சயின்ஸ் ஒண்ணுமே தெரியாத ஒருத்தர் கமிட்டிக்கு வேணும். யோசிச்சுப் பார்த்தேன், உங்க ஞாபகந்தான் வந்துச்சு.”

“அந்தத் தகுதி எனக்கு நெறையவே இருக்கும்மா.”

“கொஞ்சம் ஜீவகாருண்யமும் வேணுங்க ஐயா.”

“அது இருக்கான்னு தெரியல. கொசு அடிப்பேன்.”

“கொசு எங்க கமிட்டியில வராதுங்க.”

இப்படித்தான் நியமனம் ஆனேன். முதல் கூட்டத்துக்கு முன் படித்துவிட்டு வரும்படி ஒரு கட்டுத் தாள் வந்தது. தீங்கு செய்யக்கூடிய ஒரு பொருள் தோலில் பட்டால் என்ன ஆகும் என்பதை எந்த முறையில் சோதிக்க வேண்டும் என்று உலக நாடுகள் கூடி வகுத்த விதிகள் அவை. முயலின் முதுகில் மயிரைக் கத்தரித்து, காயம் படாமல் ஒரு சிறு சதுரம் வெளிப்படுத்த வேண்டும். மறுநாள் அந்தச் சதுரத்தில் அரை மில்லி பொருளை வைத்து, புண்கட்டும் காஸ் துணியால் மூடி, நான்கு மணி நேரம் கழித்து அகற்றித் துடைக்க வேண்டும். ஒரு மணி நேரம், ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று இடைவெளி விட்டுப் பார்க்க வேண்டும். சிவப்பு இல்லையேல் சுழி; அரிதாகத் தெரிந்தால் ஒன்று; நன்றாகத் தெரிந்தால் இரண்டு; அதற்கு மேல் நான்கு வரை. வீக்கத்துக்கும் அதே வரிசை. சிவந்து பிறகு தானே ஆறிவிடுவது எரிச்சல். தோலையே தின்று தழும்பாக்குவது அரிமானம். இரண்டும் ஒன்றல்ல என்பதில் அந்தத் தாள்கள் மிகவும் கண்டிப்பாக இருந்தன.

எனக்கு இது வியப்பாக இருந்தது. நாள்தோறும் விடியலில் நீராடி நான் ஓதும் பாடல்களில் தோலுக்கு நல்ல பெயரே கிடையாது. அழுக்கை மறைக்க வந்த மூடி, நம்பி ஏமாறும் போர்வை, சுருங்கித் தொங்கப்போகும் பொய் என்று அடியார்கள் அதை ஏசாத ஏச்சில்லை. அந்த ஏச்சுகளை நெஞ்சுருகப் பாடிவிட்டு வந்து அமர்ந்தால், மேசைமேல் இருக்கும் தாள்கள் அதே தோலில் தோன்றும் இளஞ்சிவப்பு ஒன்றா இரண்டா என்று விளக்கொளியில் உற்றுப் பார்க்கச் சொல்கின்றன. பாடல்களும் விதிகளும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று முதலில் நினைத்தேன். சில நாள் சென்றபின் வேறொன்று தோன்றியது. உடம்பை ஏசிய பெரியவர்கள் தம் உடம்பைத்தான் ஏசினார்கள். பிறருடைய உடம்பில் கொப்புளம் எழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் எங்கும் பாடவில்லை.

அந்த விதிகளில் என் மனத்துக்கு மிகவும் இசைந்தது அவற்றின் படிவரிசை. எடுத்த எடுப்பில் முயலிடம் போகக்கூடாது. முதலில், இந்தப் பொருளை மனிதர்கள் ஏற்கெனவே கையாண்டிருக்கிறார்களா, அவர்கள் தோல் என்ன ஆயிற்று என்று விசாரிக்க வேண்டும். அடுத்து, அதன் அமில காரத் தன்மையைப் பார்க்க வேண்டும். கடும் அமிலமோ கடுங்காரமோ என்றால் தோலைத் தின்னும் என்று கொண்டு அங்கேயே நிறுத்திவிடலாம். அதற்கும் அடுத்து, தட்டில் வளர்க்கப்பட்ட மனிதத் தோல் துண்டுகளில் சோதிக்க வேண்டும். இத்தனையும் கடந்து ஐயம் எஞ்சினால்தான் முயல். அதிலும் முதலில் ஒன்றே ஒன்று. கோபுர வாயிலில் நுழைந்தவன் கொடிமரமும் நந்தியும் கடந்தே கருவறை முன் நிற்பது போன்ற ஒழுங்கு அது. ஒழுங்கு நன்றாகத்தான் இருந்தது. நாங்கள்தான் அதில் இரண்டு படிகளைத் தாண்டிக் குதித்தோம்.

அந்த ஆண்டு சித்திரைத் தொடக்கத்தில் ஒரு விண்ணப்பம் வந்தது. அனுப்பியவர் வளைகுடாவில் இருபது ஆண்டு உழைத்துத் திரும்பிய ஒரு வணிகர். பேராசிரியைக்கு உறவினரல்லர், ஆனால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவர். முந்திரிக்கொட்டையின் மேலோட்டிலிருந்து எடுக்கும் கரிய எண்ணெயைக் காய்ச்சிப் பக்குவப்படுத்தி, படகின் அடிமரத்தில் பூசும் ஒரு பூச்சை அவர் உருவாக்கியிருந்தார். மரத்தைப் புழு துளைக்காது, உப்பு ஏறாது. பச்சை எண்ணெய் கையில் பட்டால் பொத்துப்போகும் என்பது முந்திரி உடைப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. காய்ச்சியபின் அந்தக் குணம் போய்விட்டது என்பது அவர் வாதம்.

மீன்பிடித் தடைக்காலமான சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் படகுகள் கரையேறிக் கிடக்கும். பழுது பார்ப்பதும் பூச்சு பூசுவதும் அப்போதுதான். அரசலாற்று முகத்துவாரத்தில் இருக்கும் படகுக்காரர் சங்கம் ஒன்று இவருடைய பூச்சை எல்லாப் படகுகளுக்கும் வாங்க முன்வந்தது. அதற்கு ஒரு நிபந்தனை: தோல் சோதனை அறிக்கை வேண்டும். முந்தைய ஆண்டு எங்கிருந்தோ வந்த வேறொரு பூச்சினால் பலருக்குக் கை வெந்துபோயிருந்தது. வைகாசி இருபதுக்குள் அறிக்கை வந்தால் பூச்சு ஏறும். வராவிட்டால் படகுகள் கடலுக்குப் போய்விடும், அவர் அடுத்த சித்திரை வரை தம் டப்பாக்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கொட்டகையில் வேலை செய்யும் ஆறு பேரும் அவரோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

குழுவின் முன் விளக்கம் சொல்ல வந்தவர் என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“நீங்களா ஐயா! என் மகன் பிறப்பைப் பதிய, அந்தக் காயிதம் இந்தக் காயிதம்னு மூணு நாள் நடக்கவுட்டீங்களே! இப்ப என் டப்பாவுக்கும் நீங்கதானா பேரு வைக்கப்போறீங்க?”

“காயிதம் சரியா இருந்தா ஒரே நாள்ல எழுதிடுவேன்” என்றேன்.

“இன்ஷா அல்லா, இந்தத் தடவ முப்பத்திரண்டு பக்கம் கொண்டாந்திருக்கேன்.”

பேச்சோடு நில்லாமல், பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்துத் திறந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, “இப்பவே பூசிக் காட்டுறேன் பாருங்க, ஒண்ணும் ஆகாது” என்று விரலை விட்டார். பேராசிரியை பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அண்ணே, முயலுக்கு அனுமதி குடுக்கத்தான் இந்த கமிட்டி. மனுஷன வெச்சுச் சோதிக்கணும்னா வேற கமிட்டி. உங்களுக்காக நான் அங்க போயி நிக்க முடியாது.”

குழுவிலிருந்த கால்நடை மருத்துவர் குலுங்கிச் சிரித்தார். நெடுங்காட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்தவர். வயலோரங்களில் கன்று ஈன வைத்துவிட்டு, முழங்கால் வரை சேறோடு கூட்டத்துக்கு வருபவர். சிரித்து முடித்ததும் விண்ணப்பத்தைப் புரட்டினோம். ‘மனிதர்களிடம் முன் அனுபவம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. அமில காரம் பார்த்ததில் நடுநிலை. தட்டில் வளர்த்த தோலில் சோதனை செய்யப்பட்டதா என்ற இடத்தில் ‘உள்ளூரில் வசதி இல்லை’ என்று இருந்தது. காலம் குறைவு என்ற எண்ணத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். மூன்று முயல்களுக்கு அனுமதி. முதலில் ஒன்றில் பார்ப்பது. நானும் கையொப்பமிட்டேன். அந்த இரண்டு கட்டங்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டியவன் நான்தான். கட்டங்களோடு வாழ்ந்தவன் கேட்காமல் விட்டேன்.

சோதனைக்கு முதல் நாள் விலங்குக் கூடத்தைப் பார்வையிடும் முறை எனக்கு வந்தது. அன்று சோமவாரம். கோயிலுக்குப் போய்விட்டு, திருநீற்றுப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வந்திருந்தேன். உடைமேல் ஓர் அங்கி, தலைக்குத் துணித்தொப்பி, கைக்கு உறை எல்லாம் மாட்டிவிட்டு உள்ளே விட்டார்கள். கூடம் என் வீட்டைவிடத் தூய்மையாக இருந்தது. மேசைமேல் அந்த வெள்ளை முயல் குனிந்த தலையோடு அமர்ந்திருந்தது. முதுகில் மயிர் நீக்கிய சதுரம் ரோஜா இதழின் உட்புறம் போல மென்மையாக இருந்தது. பராமரிப்பாளர் பதிவேட்டை எடுத்துவர அடுத்த அறைக்குப் போனார்.

அந்தச் சில நிமிடங்களில் நான் செய்ததை எப்படி விளக்குவது? என் முன்னால் தலைகுனிந்து யார் நின்றாலும், அது பள்ளித் தேர்வுக்குப் போகும் பெண்ணாக இருந்தாலும் அறுவை சிகிச்சைக்குப் போகும் நண்பராக இருந்தாலும், என் கை பொட்டலத்தைத் தேடிப் போய்விடும். அது சிந்தித்துச் செய்வதன்று. மறுநாள் பூச்சுக்கு உள்ளாகப்போகும் ஓர் உயிர் என் முன் தலைகுனிந்து இருந்தது. ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தேன். உறை போட்ட கையால் திருநீறு தொடுவது முறையன்று என்று வலக்கை உறையைக் கழற்றினேன். நெற்றியில் பூசலாமென்றால் அங்கே மயிர் அடர்ந்திருந்தது. பூசத்தக்க வெற்றிடம் முதுகில் மட்டுமே இருந்தது. மூன்று விரலால், மூன்று கீற்று, அழகாகப் பூசினேன். முயல் மூக்கை அசைத்தது. நிறைந்த மனத்தோடு உறையை மீண்டும் மாட்டிக்கொண்டு, வந்த பதிவேட்டில் ‘எல்லாம் நன்று’ என்று எழுதிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பேராசிரியை தொலைபேசியில் அழைத்தார்.

“ஐயா, முயல் முதுகுல ஏதோ வெள்ளையா இருக்கு. கூடத்துக்கு நேத்து நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க.”

“திருநீறும்மா.”



“ஐயா... அது சோதனைப் பொருள் வைக்கிற எடம்.”

“நல்லது நடக்கட்டும்னுதான் பூசினேன்.”

“நடந்துருச்சு ஐயா. இலேசா செவந்திருக்கு. மதிப்பெண் ஒண்ணு.”

என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “இத்தன வருஷமா மனுஷாளுக்குப் பூசினது போதாதா? முயலுக்கும் நீங்கதான் குருக்களா?” என்றாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

கல்லூரிக்குப் போனபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிவப்பு கத்தரித்ததால் வந்ததா, திருநீற்றால் வந்ததா என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆகவே அந்த முயல் சோதனைக்கு ஆகாது. வேறொரு முயலைத் தயார்செய்ய வேண்டும். அதற்கு முன், விலகலைப் பதிந்து குழு கூடி முடிவெடுக்க வேண்டும். வணிகரின் நாட்கள் என் மூன்று விரலில் கரைந்துகொண்டிருந்தன. என்னால் காப்பாற்றப்பட்டதாக நான் நினைத்த முயலுக்குப் பதிலாக, அடுத்த கூண்டிலிருந்த இன்னொன்று அழைக்கப்படும் என்பது அதைவிட உறுத்தியது.

இரண்டு நாள் கழித்துக் குழு கூடியது. வணிகரும் வந்திருந்தார். பேராசிரியை என் பொட்டலத்தில் எஞ்சியிருந்ததை நீரில் கரைத்து, அமில காரம் காட்டும் ஒரு தாள் நறுக்கைத் தோய்த்துக் காட்டினார். மஞ்சளாக இருந்த தாள் பச்சையைத் தாண்டி நீலத்தை நோக்கிப் போயிற்று.

“நல்ல காரங்க ஐயா இது. முயல் தோல் மெல்லிசு, அதான் செவந்துருச்சு.”

“நான் என்னத்தக் கண்டேன்? ஐம்பது வருஷமா என் நெத்தியிலதான் பூசுறேன். ஒரு செவப்பும் கெடையாது” என்றேன், தற்காப்பாக.

கால்நடை மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

“ஐயா சொல்றத கவனிச்சீங்களா? இது மனுஷ அனுபவம். வரிசையில மொதல் படியே அதுதானே? இந்தப் பூச்சுக்கு அத ‘இல்லை’ன்னு எழுதியிருக்கு. நாமளும் அத அப்படியே தாண்டிட்டோம்.” வணிகர் பக்கம் திரும்பினார். “பாய், உங்க கொட்டகையில இத யாரு கிண்டுறா, யாரு டப்பாவுல ஊத்துறா?”

“ஆறு பேரு இருக்காங்க.”

“அவங்க மனுஷங்க இல்லியா?”

வணிகர் தலையைச் சொறிந்தார். “ஆஸ்பத்திரி சீட்டு, டாக்டர் சர்டிபிகேட்டுன்னு கேப்பீங்களோன்னு பயந்துட்டு இல்லைன்னு எழுதிட்டேங்க. அதான் ஐயாவ முன்னாடியே தெரியுமே, ஒரு காயிதம் கொறைஞ்சாலும் வுடமாட்டாங்க.”

அந்தக் குத்தல் எனக்கு உரியதுதான். மறுநாள் காலையிலேயே நால்வரும் சுரக்குடிப் பக்கம் இருந்த அவருடைய கொட்டகைக்குப் போனோம். வயல் நடுவே தகரக் கூரை. உள்ளே புகையும் முந்திரி வாடையும். எண்ணெயைக் காய்ச்சி இறக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்தான் அங்கே மூத்த தொழிலாளி. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்துப் பழகி, திருமணமாகி இங்கே வந்தவர். பேராசிரியை அவர் கைகளைத் தம் கைகளில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெழுகினாற்போல் இருந்தன அந்தக் கைகள்.

வணிகர் முகம் மலர்ந்தது. “பார்த்தீங்களா? நான் சொல்லல?”

“எதுவும் ஆகலியாக்கா?” என்று பேராசிரியை கேட்டார்.

“எப்படி ஆவும்? வெளக்கெண்ணெய முழங்கை மட்டும் தடவிக்கிட்டுத்தான் தொடுவோம். எங்க ஊருல பொறந்த புள்ளைக்கே தெரியும் அது.”

“தடவாம தொட்டா?”

அந்தப் பெண் முதலாளியை ஒருமுறை பார்த்தார். பிறகு, மறைக்க ஒன்றுமில்லை என்பதுபோல் இடக்கையைத் திருப்பி மணிக்கட்டின் உட்புறத்தைக் காட்டினார். அங்கே தோல் சற்றுக் கறுத்திருந்தது.

“தை மாசம் ஒரு நாளு அவசரத்துல மறந்துட்டேன். செவந்து அரிச்சுச்சு. நாலு நாள்ல போயிருச்சு. கொப்புளம் வரல. பச்சை எண்ணெயா இருந்தா வெந்து தொங்கியிருக்கும். இது அவ்வளவு இல்ல. ஆனா அதுக்கப்புறம் துளி பட்டாலும் எனக்கு அரிக்குது. இவங்களுக்கெல்லாம் அப்படி இல்ல.”

பேராசிரியை எழுதிக்கொண்டே சொன்னார்: “மொதல்ல பட்டப்ப எரிச்சல். அப்புறம் துளி பட்டாலே அரிக்குதுன்னா அது ஒவ்வாமை. ரெண்டும் வேற வேற. ரெண்டையும் எழுதணும்.”

வணிகர் ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். “முடிஞ்சுது போங்க. எரியும்னு எழுதிட்டா எவன் வாங்குவான்? ஆறு குடும்பம், என்னோட சேத்து ஏழு.” அந்தப் பெண்ணைப் பார்த்து, “தைலேருந்து ஏன்மா எங்கிட்ட சொல்லல?” என்றார்.

“நீங்க கேக்கலியே” என்றார் அவர். அதை அவர் பணிவாகத்தான் சொன்னார். ஆயினும் குழுவினர் மூவருக்கும் அது சேர்த்துச் சொன்னதாகவே பட்டது.

அதன்பின் வேலை வேகமாக நடந்தது. முயல் அனுமதியைக் குழு நிறுத்திவைத்தது. பேராசிரியை தொலைதூர நகரம் ஒன்றில் இருக்கும் ஆய்வகத்தோடு பேசி, தோல் தட்டுகளில் சோதிக்க ஏற்பாடு செய்தார். அறுவை சிகிச்சையில் எஞ்சும் தோலிலிருந்து, கொடுத்தவரின் இசைவோடு உயிரணுக்களை எடுத்து, சட்டைப் பித்தான் அளவு வட்டங்களாக வளர்த்து வைத்திருப்பார்களாம். அதில் பொருளைப் பூசிக் கழுவி, இரண்டு நாள் விட்டு, ஒரு சாயத்தை ஊற்றினால், உயிரோடு இருக்கும் அணுக்கள் அதை ஊதாவாக மாற்றும். பாதிக்கு மேல் செத்திருந்தால் பொருள் எரிச்சல் தருவது. இதைக் கேட்ட அன்று இரவு எனக்கு ஓதுதலில் மனம் நிற்கவில்லை. உடம்பை விட்டுப் பிரிந்தபின்னும் தட்டில் அமர்ந்து, யாரென்றே தெரியாத படகுக்காரன் கைக்காகச் சாட்சி சொல்லும் தோலை எந்தப் பாட்டில் வைத்துப் பாடுவது?

வைகாசி ஐந்தாம் நாள் அந்த ஆய்வகத்திலிருந்து ஒரு தடை. நாங்கள் அனுப்பிய பொருளே கரிய நிறம். சாயத்தின் ஊதா எது, பொருளின் கறை எது என்று பிரிக்க முடியவில்லை. நிறத்தை மட்டும் அளக்கத் தனியே சில தட்டுகள் வைத்து மறுபடி செய்ய வேண்டும், மேலும் இரண்டு வாரம் ஆகலாம் என்றார்கள். வணிகர் நாளுக்கு இரண்டு முறை எனக்குத் தொலைபேசி செய்தார்.

“ஐயா, வந்துச்சா?”

“எனக்கு எப்படிங்க வரும்? அம்மாவுக்குத்தான் வரும்.”

“அவங்க போன எடுக்க மாட்டேங்குறாங்க. நீங்க ரிடையர்டு, எடுப்பீங்க.”

வைகாசி பதினெட்டு மாலை அறிக்கை வந்தது. தோலைத் தின்னும் பொருள் அன்று. எரிச்சல் தருவது. கொட்டகையில் கண்ட மனித அனுபவத்தையும் சேர்த்து, பேராசிரியை முடிவை எழுதினார்: தோலில் பட்டால் சிவந்து அரிக்கும், சிலருக்கு ஒவ்வாமை உண்டாகலாம், வேதிப்பொருளைத் தாங்கும் கையுறை அணிந்தே பூச வேண்டும். விலங்குச் சோதனை தேவைப்படவில்லை. அன்று மாலையே கூண்டிலிருந்த மூன்று முயல்களையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பராமரிப்பாளர் என் பின்னாலேயே நின்று, கண்ணை என் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் சங்கத்துக்குப் போக வணிகர் என்னையும் வற்புறுத்தி அழைத்தார். “பெரியவரு ஒருத்தரு கூட இருந்தா கத்த மாட்டாங்க” என்பது அவர் கணக்கு. முகத்துவாரத்தில் படகுகள் வரிசையாகக் கரையேறி, அடிமரம் உலர்ந்து வெளிறிக் கிடந்தன. சங்கச் செயலாளர் ஒரு படகுக்காரர்; கரகரத்த குரல், மார்பு வரை வெண்தாடி. வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

“என்ன பாய், காயிதம் என்ன சொல்லுது?”

வணிகர் என் தோளைப் பற்றிக்கொண்டார். “எரியுமாம்.”

“எவ்வளவு?”

“செவக்கும், அரிக்கும். புண்ணு ஆவாது. சிலருக்கு ஒத்துக்காமப் போவலாம். கையுறை போட்டுத்தான் பூசணும்.”

“இதெல்லாம் எழுத்துல இருக்கா?”

“இருக்கு” என்று நான் தாளை நீட்டினேன். செயலாளர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, உதடு அசைய முழுவதும் படித்தார். காற்றில் தாளின் ஓரம் படபடத்தது. வணிகர் என் தோளைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது.

“இதத்தான்யா கேட்டோம்” என்றார் செயலாளர். “போன வருசம் வந்தவன் பன்னீரு மாதிரின்னான். நம்ம ஆளுங்க வெறுங்கையில பூசிட்டு, வெந்த கையோட ஒரு மாசம் வலைய தொட முடியாம கெடந்தானுங்க. எரியும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உறைய மாட்டிக்கிட்டு பூசியிருப்போம்ல? படகுக்கா அரிக்கப்போவுது?”

“அப்ப... எரியாதுன்னு வந்திருந்தா?” என்று வணிகர் கேட்டார்.

“வாசலோட அனுப்பியிருப்பேன். முந்திரி எண்ணெய் எரியாதுன்னு எங்கிட்டயே கத வுடுவியா நீ?”

வணிகர் தோளிலிருந்து கையை எடுத்து, அதே கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று, கண்ணையும் துடைத்துக்கொண்டார். சோதனையில் தேற வேண்டும் என்று ஒன்றரை மாதமாகத் தவித்தவருக்கு, அது தேறுவதற்காக வைத்த சோதனையே அன்று என்பது அங்கேதான் தெரிந்தது. எனக்கும் அங்கேதான் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு நாளில் டப்பாக்கள் இறங்கின. ஒவ்வொன்றின் மேலும் சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை, அதை ஒட்டி ஒரு சோடி நீல உறை. எப்படிப் பூசுவது என்று காட்டுவதற்குக் கொட்டகையின் மூத்த பெண்ணையே வணிகர் வண்டியில் அழைத்துவந்தார். முதலாளி கொடுக்காத அதிகாரம் எல்லாவற்றையும் அவர் தாமே எடுத்துக்கொண்டு, ஆண்கள் கூட்டத்தின் நடுவே இடுப்பில் கைவைத்து நின்றார்.

“ரெண்டு கையிலயும்! ஒத்தக் கையில போட்டுக்கிட்டு என்ன பண்ணப்போற? மணிக்கட்டத் தாண்டி இழுத்து வுடு. மூஞ்சியச் சொறியாத.”

செயலாளர் படகின் மறுபக்கத்தில் நின்று, வெறுங்கையால் ஒரு தூரிகையை எடுத்து டப்பாவில் தோய்க்கப் போனார். அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டார்.

“தாடிக்காரய்யா! செயலாளருன்னா ஒங்க தோலு என்ன தகரமா? வெய்யிங்க தூரிகைய.”

கரை முழுவதும் சிரித்தது. செயலாளர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, மறுபேச்சின்றி இரண்டு கைகளையும் அவர் முன் நீட்டினார்.